பூச்சு நிற்காத குழி

மதியம் மூன்றரை மணி இருக்கும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவதற்கு முன்னால் ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் குழியை அடைத்துக் காயவைத்த, புகைபிடிக்கிற மரப் பைப், செய்தித்தாளின் மேல் கிடந்தது.

கையில் எடுத்தேன். சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு ஜன்னல் வடக்குப் பார்த்தது. எதிரே லாரி ஷெட்டின் சுவர். வெயிலுக்கு அங்கே வழியே இல்லை.

கட்டைவிரலால் பைப்பின் கிண்ணத்தைச் சுற்றித் தடவினேன். மூன்று அடைப்புகள் வழவழவென்று இருந்தன. நான்காவது இடத்தில் விரல் தட்டியது. குழி திறந்திருந்தது. நான் வைத்த பூச்சு, ஒரு மிளகளவு, தாளில் தனியாகக் கிடந்தது. நொறுங்கி விழுந்த மாதிரி இல்லை. யாரோ பொறுமையாக நெம்பி எடுத்துப் பக்கத்தில் வைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் என்னைத் தவிர என் கணவர் சவரி மட்டும்தான். அவர் உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது வாசனை வந்தது. உலர்ந்த திராட்சையை வாணலியில் கொஞ்சம் தீயவிட்ட மாதிரி. அந்த வாசனை எனக்குப் புதிதல்ல. சவரியின் வெள்ளைச் சட்டையிலிருந்து ஆறு மாதம் நான் துவைத்துப் போக்கிய வாசனை அது.

அந்தப் புகையிலையைப் புகைத்தவர் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பட்டி பார்க்கிற கை

இந்தத் தொடரில் பம்பர், பம்பர் என்று எழுதி வாசகர்களை நிறையவே படுத்தியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற பிரிவில் இருக்கிறேன். பெயின்ட் அடித்து வரும் பம்பரில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்குவதுதான் என் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன்.

இதில் கண்ணைவிட விரல்தான் முக்கியம். கண் பளபளப்பில் ஏமாந்துவிடும். விரல் ஏமாறாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலும், கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்தாலும் என் கட்டைவிரல் தானாகத் தடவிப் பார்க்கும். இது ஒரு வியாதி.

ஒரு முறை ஒரே அச்சிலிருந்து வந்த பம்பர் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் பட்டி கழன்றது. நானும் அடைக்கிறேன், அதுவும் விழுகிறது. கடைசியில் பார்த்தால் அச்சில் தடவுகிற எண்ணெய் அந்த மூலையில் தங்கியிருந்தது. அடியில் எண்ணெய் இருந்தால் மேலே என்ன பூசினாலும் நிற்காது. அன்றிலிருந்து எந்தக் குழியையும் முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடைப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன். மோரி சாரின் பைப்பில் அந்த நான்காவது குழியை நான் சரியாகத்தான் சுத்தம் செய்திருந்தேன்.

மோரி சார்

சவரி ஒரு டிராவல்ஸில் டிரைவர். ஜப்பானிலிருந்து வந்து கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கும் பொறியாளர்களைக் காலையில் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. ரிட்டயர் ஆன பிறகும் கம்பெனி கூப்பிட்டதென்று வந்தவர் மோரி சார். ஒல்லியான மனிதர். ஒரே ஒரு முறை, எங்கள் தெருமுனையில் கார் நின்றபோது பார்த்திருக்கிறேன். எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். நானும் பதிலுக்குக் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். சவரி கியர் போடும்வரை இது நடந்தது.

காரில் புகைக்கக் கூடாது என்பது டிராவல்ஸ் விதி. அதனால் தினமும் காலையில் வல்லம் வடகால் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்வார். இறங்கி நின்று ஐந்து நிமிடம் பைப் புகைப்பார். தண்ணீரையும் அக்கரையில் நிற்கும் தொழிற்சாலைக் கூரைகளையும் பார்ப்பார். பிறகு ஏறிக்கொண்டு, "ஓகே, சவரி-சான்" என்பார். ஜப்பான்காரர்கள் மரியாதைக்குச் சேர்க்கிற அந்த 'சான்' சவரிக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு நாள் காலை, தொழிற்சாலை வாசலில் சவரி பின்கதவைத் திறந்தபோது மோரி சார் இறங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். விசாரித்தவர்களிடம், "வழியில சார் ஒண்ணும் பேசல" என்று சவரி சொல்லியிருக்கிறார். என்னிடமும் அதையேதான் சொன்னார்.

மோரி சாரின் சாமான்களையெல்லாம் கட்டி ஊருக்கு அனுப்பிய பிறகு, ஒருநாள் சவரி தன் சட்டைப் பையிலிருந்து இந்தப் பைப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னாங்க இது?"

"சார் குடுத்தாரு. முன்னாடியே குடுத்தாரு."

அவர் பொய் சொன்னால் காதைத் தொடுவார். தொட்டார். நான் மேலே கேட்கவில்லை.

உள்ளே இருந்த மணல்

எங்கள் மாதா கோயில் பங்கில் பெரியவர்கள் இதைச் சுங்கான் என்பார்கள். மோரி சாருடையது ஒரு வெளிநாட்டுச் செடியின் வேர்க்கட்டையில் செய்தது. போனில் வீடியோ தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கல்லும் மணலும் உள்ள பூமியில் அந்த வேர் வளருமாம். வளரும்போது மணலையும் சேர்த்து மூடிக்கொள்ளுமாம். கடைந்து பைப் செய்யும்போது அந்த இடம் குழியாகத் திறந்துகொள்ளும். செய்பவர்கள் அதில் பட்டி வைத்து, மரத்தின் நிறம் பூசி விற்றுவிடுவார்கள். வருடக்கணக்கில் கைபட்டு நிறம் போனதும் பட்டி வெளுத்துத் தெரியும்.

இதிலும் மூன்று வெளுத்த புள்ளிகள் இருந்தன. நான்காவது இடத்தில் பட்டியே இல்லை, வெறும் குழி. அதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. யார் பொருள், எப்படி வந்தது என்றெல்லாம் யோசிக்காமல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பட்டி ரோஜா நிறத்தில் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் குழிகளைத் துடைத்தேன். நான்காவது குழியில் ஊசி எதிலோ நறநறவென்று உரசியது. நெம்பினேன். ஒரு மணல் துகள் வந்தது. கறுப்பாக, எள்ளில் பாதி இருக்கும். எந்த நாட்டு மண்ணோ, இத்தனை காலம் மரத்துக்குள் இருந்திருக்கிறது.

கிண்ணத்துக்குள் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அந்தக் குழி வழியாக ஊசிமுனை அளவு வெளிச்சம் வெளியே வந்து என்னைப் பார்த்தது. டார்ச்சை அணைத்துவிட்டேன். ஏனென்று தெரியவில்லை, பைப்பைத் திருப்பி வைத்தேன்.

பைப்பின் அடிப்பாகத்தில் லேசாகத் தேய்த்து எடுத்த மரத்தூளை, விரலை விரலோடு ஒட்டிவிடுமே, அந்தப் பசையில் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள், பிறகு இன்னும் நைசான தாள், கடைசியாகப் பிரவுன் ஷூ பாலிஷ். நானே தேடினால்தான் கண்டுபிடிக்க முடியும் என்கிற அளவுக்கு வந்தது.

அடுத்த நாள் பார்த்தால் நான்காவது மட்டும் திறந்திருந்தது. மறுபடி அடைத்தேன். அதற்கு மறுநாள் மதியம்தான் பைப் சூடாக இருந்தது.

பேச்சியம்மாள் மோந்து பார்த்தது

மறுநாள் லைனில் என் பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள், மூக்கைச் சுளித்து என் தோளருகே வந்தாள். தென்காசிப் பக்கம். புருஷனும் அவளும் ஒரகடத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள்.

"யக்கா, ஒங்க மேல என்னமோ வாடை அடிக்கி. சுருட்டு மாதிரில்லா இருக்கு?"

"சுருட்டா? எங்க வூட்ல யாரும் குடிக்க மாட்டாங்கடி."

"பொய் சொல்லலக்கா. எங்க ஊர்ல சொடலமாடனுக்குச் சுருட்டு படைப்பாவ. கோயில் கொடை முடிஞ்சி மூணு நாளைக்கு அந்த வாடை துணியில நிக்கும். அப்பிடி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "படைக்காம அந்த வாடை வந்துச்சின்னா, கேட்டு வந்திருக்குன்னு அர்த்தம்பாவ."

"யாரு கேட்டு?"

"செத்தவுகதான். வேற யாரு?"

நாங்கள் மாதா படம் மாட்டிய வீட்டுக்காரர்கள். சுடலையை நான் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அன்று மாஸ்க்கை மூக்குக்கு மேல் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டேன். பெயின்ட் நெடி அடிக்கிற அந்த ஹாலில், மாஸ்க்குக்கு உள்ளேயும் திராட்சை வாசனை இருந்தது.

எனக்கு ஒரே ஒரு நியாயமான காரணம்தான் தோன்றியது. சவரி ரகசியமாக அந்தப் பைப்பைப் புகைக்கிறார். சூட்டில் பூச்சு விட்டுப்போகிறது. வாசனை துணியில் ஒட்டுகிறது. அப்படி நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் எவ்வளவோ தேவலை.

பின் சீட்

அந்த வாரமே லைனில் ஏதோ கோளாறு. பதினோரு மணிக்கெல்லாம் எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி பஸ் இல்லை. ஷேர் ஆட்டோ பிடிக்க ஏரிக்கரை வழியாக நடந்தேன். நல்ல வெயில்.

கரையோரம் சவரியின் கார் நின்றது. மோரி சாருக்காக நிறுத்துகிற அதே இடம். இன்ஜின் ஓடவில்லை. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. டிரைவர் சீட் காலியாக இருந்தது.

ஏரிப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன். பின் சீட்டில், இடது பக்கம், ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. வாயில் பைப். அது சவரி என்று புரிய எனக்குச் சில நொடிகள் பிடித்தன. இருபத்து மூன்று வருடமாகப் பார்க்கிற முகம் அது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதம் அவருடையது இல்லை. முழங்கால்களைச் சேர்த்து, ஒரு கையைத் தொடைமேல் வைத்து, முன்னால் இருக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் நகம் பைப்பின் பக்கவாட்டில் மெல்ல நோண்டிக்கொண்டிருந்தது. அந்த நான்காவது குழியை.

கண்ணாடியைத் தட்டினேன். அவர் திரும்பவில்லை. கையை உயர்த்தி முன்பக்கம் நீட்டினார். வாய் அசைந்தது.

கதவைத் திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வந்து முகத்தில் அடித்தது.

"குருஷீ" என்றார் சவரி. குரல் தொண்டைக்கு அடியிலிருந்து வந்தது. அது அவர் குரல் இல்லை.

"இன்னாங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். "ஸ்டெல்லா" என்றார். பிறகு அழ ஆரம்பித்தார்.

அன்று காலை

கரையில் ஒரு வேப்பமர நிழலில் உட்காரவைத்து, என் பாட்டில் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தேன். அதன் பிறகுதான் சொன்னார்.

"சார் ஒண்ணும் பேசலன்னு சொன்னேன்ல. பேசினாரு."

"இன்னா பேசினாரு?"

"வண்டி கெளம்பிக் கொஞ்ச நேரம் ஆச்சு. பின்னாடியிருந்து கைய நீட்டினாரு. கண்ணாடில தொங்குதே நம்ம குருசு, அதக் காட்டற மாரி. 'குருஷீ'ன்னாரு. நான் சிரிச்சுக்கினே, 'எஸ் சார், குருசு சார், ஏசு சார்'னேன். அப்புறம் 'தொமெதே'ன்னாரு. தோமையாரத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். 'எஸ் சார், தோமையார் மல, பரங்கிமல, சண்டே போலாம் சார்'னேன். அப்புறம் பேசல. தூங்கிட்டாருன்னு ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணேன்."

ஏரியில் ஒரு நாரை நடந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"அவரு நம்ம சாமியக் கூப்ட்டாரு ஸ்டெல்லா. சாவறப்போ வேத்து மதத்துக்காரரு நம்ம குருசப் பாத்துக் கூப்ட்டாரு. அத நான் மட்டுந்தான் கேட்டேன். ஆனா வேற ஏதோ கேட்டாரோன்னு மனசுல அரிச்சிக்கினே கீது. அதான் அங்க குந்திப் பாக்கறேன். அங்கேர்ந்து இன்னா தெரியுது, கண்ணாடில என் மூஞ்சி தெரியுதா, நான் சிரிச்சது தெரிஞ்சிருக்குமா..."

தினமும் நான் ஷிப்டுக்குப் போன பிறகு பைப்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெயிலில் மூடிய காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். பைப்பின் சூடு அந்தச் சூடு. மோரி சாருக்கு அந்தக் குழியை நகத்தால் நோண்டுகிற பழக்கமாம். அதையும் இவர் செய்திருக்கிறார், கழன்ற பூச்சைக் கொண்டுவந்து தாளில் வைத்திருக்கிறார். என் பூச்சு நிற்காத காரணம் தெரிந்தது. பைப் சீட் இடுக்கில் கிடைத்ததென்றும், சார் கொடுக்கவில்லையென்றும் ஒத்துக்கொண்டார்.

"சரி. பொகையிலய எங்க வாங்கினீங்க?"

"பொகையிலயா?"

"அதான், வூடெல்லாம் அடிக்குதே."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் ஏது பொகையிலய கண்டேன்? வெறும் பைப்பத்தான் வாய்ல வெச்சிக்கினேன். குருசு மேல ஆணையா ஒரு நாளும் கொளுத்தல. உனக்கும் அந்த வாசன வருதா?"

பைப்பை அவர் கையிலிருந்து வாங்கினேன். கிண்ணத்தின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்து, சுத்தமாக, சாம்பல் ஒட்டாமல் இருந்தது.

மகள் வந்தார்

பைப்பைத் தையல் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன். நான்காவது குழியை மறுபடி அடைத்தேன், இந்த முறை நின்றது. ஆனால் சவரி விமான நிலையத்துக்குப் போயிருந்த நாட்களிலும், டிராயர் பூட்டியே இருந்தபோதும், மதியத்தில் அந்த வாசனை வந்தது. வருவதும் போவதும் யாரோ அறையைக் கடந்து போகிற மாதிரி இருக்கும். அதற்கு என்னிடம் காரணம் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

பொருளை உரியவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று நான் நச்சரித்தேன். வாய்ப்பு தானாக வந்தது. மோரி சார் பெயரில் தொழிற்சாலையில் ஒரு மரம் நடுகிறார்கள், அதற்கு அவர் மகள் ஜப்பானிலிருந்து வருகிறார், சவரிதான் வண்டி ஓட்ட வேண்டும் என்று கெஸ்ட் ஹவுஸில் சொன்னார்கள். மொழிபெயர்க்க கல்பனா என்ற சென்னைப் பெண் கூட வந்தாள். நானும் லீவு போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மகளுக்கு என் வயது இருக்கும். அப்பா இறங்கி நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஏரிக்கரையில் நிறுத்தினோம். பைப்பை ஒரு புது வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கினார். கட்டைவிரல் நேராக அந்த நான்காவது இடத்துக்குப் போனது. குழியைத் தேடியது. இல்லை. மறுபடி தேடியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இங்க ஒரு குழி இருந்துச்சே, இது அப்பாவோடதுதானான்னு கேக்கறாங்க" என்றாள் கல்பனா.

"நான்தான் அடைச்சேன்னு சொல்லும்மா. என் வேல அது. மன்னிச்சிரச் சொல்லு."

அவர் தலையசைத்தார். ஆனால் விரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடத்தில், நான் அடைத்த ஒரு குழிக்காக வெட்கப்பட்டது அன்றுதான்.

பிறகு அவர் சவரியைப் பார்த்து ஏதோ கேட்டார். கடைசியாக அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்பதாகக் கல்பனா சொன்னாள்.

சவரி காரைத் திரும்பிப் பார்த்தார். கையை முன்னால் நீட்டினார். அதே தொண்டைக் குரலில், "குருஷீ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தொமெதே."

மகளின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அப்பாவின் குரலே அங்கே நின்று பேசிய மாதிரி அவருக்கு இருந்திருக்க வேண்டும். கல்பனா வாயைப் பொத்திக்கொண்டாள். சவரி எதையும் கவனிக்காமல், குருசு, தோமையார், மலை என்று தான் புரிந்துகொண்டதை வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். கல்பனா மெல்லிய குரலில் அதை மகளுக்குச் சொன்னாள்.

மகள் வெகுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சவரிக்கு முன்னால் வந்து நின்று, ஆழமாகக் குனிந்து, இரண்டு வாக்கியம் பேசினார்.

கல்பனா சவரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா வீட்டுக்கு எழுதறப்பவே கார்ல ஒரு குருசு தொங்குது, அழகா இருக்குன்னு எழுதுவாராம். அதத்தான் சொல்லியிருப்பாராம். நீங்க பக்கத்துல இருந்ததுக்கு நன்றி சொல்றாங்க."

சவரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு மாதத்துக்கும் மேலாக இறங்காதது அன்று இறங்கியது.

தொழிற்சாலையில் மரம் நடும்போது கல்பனா என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, அவங்க சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா என்னால வெச்சுக்க முடியல. அது ஜப்பான் வார்த்தைக்கா. குருஷீன்னா, தாங்க முடியல, மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்."

"இன்னொண்ணு?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "தொமெதே. நிறுத்து."

சாட்சி

அதன் பிறகு சவரி நன்றாகத் தூங்கினார். பின் சீட்டில் உட்காரவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். மோரி சார் குருசைக் கூப்பிட்ட கதையை பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் சொன்னார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். செய்தி மணிமங்கலம் வரைக்கும் போய், தெரியாதவர்கள்கூட வந்து கேட்டார்கள். திருவிழா நாளில் கோயிலில் எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும் என்று உபதேசியார் கேட்டுக்கொண்டார்.

நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தேன். சவரி மைக்கைப் பிடித்து நின்றார். புதுச் சட்டை. "அந்த மனுசன் சாவற நேரத்துல, குருசுன்னு கூப்ட்டாரு" என்று சொன்னபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாம்பிராணிப் புகை நிறைந்த கோயில் அது. அதற்குள்ளே, என் இடது பக்கத்திலிருந்து, உலர்ந்த திராட்சை வாசனை வந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. சுவர்தான். பைப் ஜப்பானுக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை பேச்சியம்மாள் சொன்னாள்: "யக்கா, போயிருந்த வாடை திரும்ப வந்துட்டு. ஒங்க மேலதான்."

சவரி மேல் இல்லை. என் மேல். அதை நான் பல நாள் யோசித்தேன். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாசனை தெரிந்த ஆள் பக்கம் வந்து நிற்கிறது.

சொன்னால் அவர் மறுபடி அந்தப் பின் சீட்டுக்குப் போய்விடுவார் என்று பயம். சொல்லாமல் இருந்தால் வருடா வருடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தபோதும் பயமாகத்தான் இருந்தது.

படித்துக் காட்டினேன்

இந்த அத்தியாயத்தை இதுவரை எழுதிவிட்டு, பத்திரிகைக்கு அனுப்பாமல் இரண்டு வாரம் வைத்திருந்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இன்னா, நம்ம கதயா?" என்று சிரித்தார்.

முழுவதும் படித்தேன். ஏரிக்கரையில் மகள் சொன்ன இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. கல்பனா என்னிடம் சொன்னதைப் படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிமிராமல் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தேன்.

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்னும் இல்ல. தெரியாதுன்னும் இல்ல." பிறகு என் கையிலிருந்த தாளைக் காட்டினார். "அதுல ஒரு எடம் தப்பா கீது."

"எது?"

"தொமெதேன்னு ஒரு தடவ சொன்னாருன்னு எழுதிக்கீறே. ஒரு தடவ இல்ல ஸ்டெல்லா. மூணு தடவ சொன்னாரு. மொத ரெண்டு தடவ எனக்குப் புரியல, அது மெய்யி." நெஞ்சைத் தடவிக்கொண்டார். "மூணாவது தடவ சொல்லறப்போ, ஒரகடத்துக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரி வருதுல்ல, அதத் தாண்டிக்கினு இருந்தோம். அவரு கை குருசப் பாத்து நீட்டல. அந்த ஆஸ்பத்திரி போர்டப் பாத்து நீட்டினாரு. நான் கண்ணாடில பாத்தேன்."

வெளியே லாரி ஷெட்டில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இத எடுத்துரவா? பேரு இல்லாமலாவது எழுதவா?" என்றேன்.

"வேணாம். எம்பேரோடயே போடு. மூணுன்னு எழுது."

வேப்பமரத்தடியில் அவர் சொன்னதாக மேலே எழுதிய இடத்தில் ஒரு முறை என்றே விட்டிருக்கிறேன். அன்று அவர் என்னிடம் சொன்னது அதுதான். மூன்று முறை என்பதை இங்கே எழுதுகிறேன்.